மெசினுக்கு அடியில் உன் கை

செவ்வாய்க்கிழமை காலையில், முன்பின் தெரியாத ஒரு மனிதரைக் கெட்ட வார்த்தை சொல்லி ஏசிவிட்டேன். நீ இருந்திருந்தால் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லியிருப்பேன். நீ போய் ஏழு மாதமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் இப்போது ஹெந்தளையில் மகன் வீட்டோடு இருப்பது உனக்குத் தெரியும். வீட்டிலிருந்து கடல் பக்கமாக நடந்தால் ஒரு விடுதி வரும், அதன் முன்னால் பெரிய புல்தரை. அன்று காலை மதில் ஓரமாக நடந்து போனபோது வெட்டிய ஈரப் புல்லின் வாசமும் பெற்றோல் புகையும் சேர்ந்து வந்தன. அந்த வாசம் வந்தால் என் கால் தானாக நின்றுவிடும். எட்டிப் பார்த்தேன். நாம் ஓட்டியதைப் போலவே, மேலே ஏறி இருந்து ஓட்டுகிற புல்வெட்டு மெசின். ஓட்டிய மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். இறங்கி முழங்காலில் நின்றபடி, பிளேட்டுகளை மூடியிருக்கும் இரும்பு மூடிக்கு அடியில் அடைத்த புல்லை இழுத்தெடுக்கக் கையை நீட்டினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

மதிலுக்கு வெளியே நின்றே சிங்களத்தில் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை உனக்கு எழுதவும் கூச்சமாக இருக்கிறது. அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிளேட்டை நிறுத்திவிட்டுத்தான் கையை வைக்கப் போனதாகச் சொன்னார். சாவியை எடு, என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக் வயரைக் கழற்று, பிறகு கையை வை என்று மறுபடியும் கத்தினேன். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது. நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் நல்ல மனிதர். கிட்ட வந்து, "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்காவது இப்படி நடந்ததா?" என்று கேட்டார்.

"என் கூட்டாளி ஒருவனுக்கு."

"எப்படி?"

"அவனுடைய கவனக்குறைவுதான்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை மச்சான். பல் துலக்குவதைப் போல, கதவைச் சாத்துவதைப் போல, அது தானாக என் வாயிலிருந்து வந்தது. அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். நான் அந்த மதிலோடு நெடுநேரம் நின்றேன்.

அந்த நாளை உனக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் அதை நான் ஒருபோதும் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

நாம் வேலை செய்த மைதானத்தில் மறுநாள் ஒரு முக்கியமான ஆட்டம் இருந்தது. மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் புல் கணுக்கால் அளவு வளர்ந்திருந்தது. மழை விட்டதும், ஈரம் காயாமலே வெட்டச் சொல்லிவிட்டார் பொறுப்பாளர். ஈரப் புல்லை வெட்டினால் அது மூடிக்குள் களியாகத் திரண்டு அடைக்கும் என்று நீ சொன்னாய். அவர் கேட்கவில்லை. நான் ஓட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று, நீ குனிந்து அடைப்பை எடுத்தாய்.

அந்த மெசினின் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. ஓட்டுகிறவன் எழும்பினால் என்ஜின் தானாக நிற்கும். ஆள் இருக்கையில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகவும் ஆகாது. கல் பொறுக்க இறங்கும்போதெல்லாம் என்ஜின் நின்றுபோவது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதனால் இரண்டு கிழமைக்கு முன்பே நான் அந்த சுவிட்சின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றாக முறுக்கி விட்டிருந்தேன். அதன் பிறகு ஆள் இருக்கையில் இல்லாவிட்டாலும் என்ஜின் ஓடும். அதை நீ கண்டாய்.

"வேணாம் மச்சான். அத சும்மா வெக்கல்ல" என்றாய்.

நான் சிரித்தேன். இருபது வருடம் டிராக்டர் ஓட்டியவன் நான், எனக்குச் சொல்லித் தருகிறாயா என்பது போல ஒரு சிரிப்பு.

மத்தியானம் மெசின் மறுபடியும் அடைத்தது. நான் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினேன். பிளேட்டைச் சுழலவிடும் நெம்புகோலை விடுவிக்கவில்லை. சாவியையும் எடுக்கவில்லை. நீ மூடியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாய். நான் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பொறுப்பாளர் மாடத்தில் நின்று, சுறுக்காக என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். வெட்டி எடுத்த புல் உன் பக்கத்தில் குவியலாகக் கிடந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். கேட்கவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன்.

கல் பட்டதைப் போல ஒரு சத்தம் கேட்டது. நீ கத்தவில்லை. "மச்சான், நிப்பாட்டு" என்றாய், வழக்கமான குரலில். சோறு போதும் என்று சொல்வதைப் போல. அந்தக் குரல்தான் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு போயின.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு பொறுப்பாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். விபத்துகளைப் பதியும், தடித்த மட்டை போட்ட ஒரு புத்தகம் அவர் முன்னால் விரிந்திருந்தது.

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லி யார் சொன்னது?"

"அவர்தான் சேர். 'போடு' எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகுதான் நான் திருப்பினனான்."

அவர் எழுதினார். எழுதி முடித்து, 'சொந்தக் கவனக்குறைவு' என்று வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன். அப்போது என் மனதில் ஓடியதை மறைக்கப்போவதில்லை. வேலை போய்விடும் என்று நினைத்தேன். வடக்கே பருத்தித்துறையில் பிறந்த ஒருவன் போர்க்காலக் கொழும்பில் இன்னொரு வேலை தேடுவது எப்படி என்று நினைத்தேன். உன் கையைப் பற்றி நான் நினைத்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தேன். உன் கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக நெஞ்சின்மேல் கிடந்தது. நீ என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாய்.

"சுவிட்ச சரியாக்கினியா?"

"ஓம்" என்றேன்.

அது இரண்டாவது பொய். அந்தச் சுவிட்சைத் தொட்டால் யார் அதைக் கழற்றி விட்டது என்ற கேள்வி வரும். அதனால் வயர்கள் நான் முறுக்கிய மாதிரியே கிடந்தன.

இரண்டு மாதம் கழித்து நீ வேலைக்குத் திரும்பினாய். வந்த முதல் காலையில், யாரோடும் கதைக்காமல், நேரே மெசினிடம் போய் இருக்கையைத் தூக்கிப் பார்த்தாய். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். இருக்கையைத் திரும்ப வைத்துவிட்டு என்னைக் கடந்து போனாய். பொறுப்பாளரிடம் சுவிட்சைப் பற்றிச் சொன்னதும், 'நீ கையை விட்டதற்கு சுவிட்ச் என்ன செய்யும்' என்று அவர் உன்னைத் திருப்பி அனுப்பியதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. உன்னை மெசின் பக்கமே விடாமல், கோடு போடவும் உருளை இழுக்கவும் போட்டார்கள். அன்று முதல் மூன்று மாதம் நீ என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

ஆனால் நான் பிளேட் மாற்றும் நாட்களில் மட்டும், கோடு போடுவதை விட்டுவிட்டு வருவாய். எனக்கு முன்னால் குனிந்து, பிளக் வயரை இழுத்துக் கழற்றி ஒரு நூலால் அப்பால் கட்டிவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நிற்பாய். நான் வேலையை முடித்து எழும்பும் வரை நிற்பாய். எனக்கு அது அவமானமாக இருந்தது. என்னை வேவு பார்க்கிறாய் என்று வீட்டில் மனைவியிடம் குறைசொன்னேன். என் கை வெளியே வரும் வரைதான் நீ நின்றாய் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

மைதானத்தில் பிளேட் தீட்டும் கல் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் நான் குடியிருந்த தெருவிலேயே ஒரு இரும்புப் பட்டறை இருந்தது. அதனால் மாதத்துக்கு ஒரு தடவை, கழற்றிய ஒரு சோடி பிளேட்டை உரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோவேன். தீட்டி எடுத்து, நடு ஓட்டையை ஒரு ஆணியில் மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பேன். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவுவேன். சமமில்லாத பிளேட் சுழன்றால் மெசின் உதறி உதறி, கடைசியில் போல்ட்டே கழன்று பறக்கும். இந்த வேலையை நான் ஒழுங்காகவே செய்தேன். அதை நீயும் மறுக்கமாட்டாய்.

அப்படி ஒரு காலையில் கோட்டைப் பக்கம் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். எல்லாரும் பையைத் திறந்து காட்டிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தது. இராணுவக்காரன் உரச்சாக்கை அவிழ்த்தான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளமான இரண்டு இரும்பு பிளேட்டுகள், தீட்டிய விளிம்பு வெயிலில் மின்னுகிறது. அடையாள அட்டையைக் கேட்டான். பிறந்த இடத்தை வாசித்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். பொறுப்பாளரிடமிருந்து கடிதம் ஒன்று வாங்கி வைத்திருக்க வேண்டும். நீ என்னோடு கதைத்த காலத்தில் மாதா மாதம் அதை ஞாபகப்படுத்துவாய். நீ பேசாமல் விட்டதிலிருந்து நான் கடிதம் வாங்கவே இல்லை.

பொலிஸ் நிலையத்தில் அன்று பகல் முழுதும் ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டார்கள். இது என்ன? யாருக்குக் கொண்டுபோகிறாய்? புல்வெட்டு மெசினின் பிளேட் என்றால், புல் வெட்ட இத்தனை பெரிய இரும்பு எதற்கு என்று சிரித்தார்கள். மைதானத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பொறுப்பாளர், அந்தப் பெயரில் ஒருவன் வேலை செய்கிறான், ஆனால் பஸ்ஸில் இரும்பு கொண்டு திரியும்படி நான் சொல்லவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? பயந்தவன் என்ன சொல்வான் என்று எனக்குத்தானே நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணியளவில் முற்றத்தில் ஒரு லொறி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என்னை வெளியே கூட்டிவந்தார்கள். பாமன்கடையிலிருக்கும் உன் மைத்துனனின் லொறி. அதிலிருந்து இரண்டு பலகைகளைச் சாய்த்து, நீ நம் மெசினைப் பின்புறமாக இறக்கிக்கொண்டிருந்தாய். அந்தத் தொலைபேசியைப் பற்றிக் கேள்விப்பட்டு, யாரிடமும் கேட்காமல் மைதானத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறாய் என்பது உன் முகத்தைப் பார்த்ததுமே விளங்கியது. அடியில் இருந்த பிளேட்டுகளைக் கழற்றிவிட்டு, வெறும் மெசினைக் கொண்டுவந்திருந்தாய்.

பொறுப்பதிகாரி வாசல் திண்ணையில் நின்றார். நீ சிங்களத்தில் சொன்னாய்: "மாத்தயா, இவர் இந்த மெசினை ஓட்டுகிறவர். உங்களிடம் இருக்கிற அந்த ரெண்டு பிளேட்டையும் தாங்க. இதில் மாட்டிக் காட்டுறேன். பொருந்தாவிட்டால் என்னையும் சேர்த்து உள்ளே போடுங்க."

அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பிளேட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்.

நீ மெசினைச் சமதரையில் நிறுத்தி பிரேக்கைப் பூட்டினாய். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டினாய். பின் சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தாய். முன்பக்கத்தைப் பலகை அடுக்கின்மேல் ஏற்றினாய். பொலிஸ்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நீ பிளக் வயரைத் தேடிக் குனிந்தபோது அதிகாரி பொறுமையிழந்தார்.

"அதையெல்லாம் பிறகு பார்க்கலாம். எனக்கு வேறு வேலை இருக்கிறது. பிளேட்டை மாட்டு."

"இது கழற்றாமல் ஏலாது மாத்தயா."

"சாவிதான் உன் பையில் இருக்கிறதே."

"இருந்தாலும் ஏலாது."

அந்தக் காலத்தில் ஒரு பொலிஸ் நிலையத்தில் அதிகாரிக்கு ஏலாது என்று இரண்டு தடவை சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. மாட்டித் தொலை மச்சான் என்று மனதுக்குள் கத்தினேன். நீ அவசரப்படாமல் வயரை இழுத்துக் கழற்றி, நூலால் அப்பால் கட்டினாய். பிறகு, மூடியின் மறுபக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு கான்ஸ்டபிளிடம், "தம்பி, கையை எடுங்க. ரெண்டு பிளேட்டும் ஒரே பெல்ட்டில் ஓடுது. இந்தப் பக்கம் நான் திருப்பினால் அந்தப் பக்கமும் திரும்பும்" என்றாய். அவன் பாய்ந்து பின்னால் போனான்.

தோல் கையுறைகளைப் போட்டாய். இடது கையுறையில் இரண்டு விரல்கள் காலியாக மடிந்து கிடந்தன. பிளேட் அசையாமலிருக்க ஒரு மரத்துண்டைச் செருகி, போல்ட்டை இறுக்கினாய். வளைந்த சிறகுப் பக்கம் மேலே இருக்க வேண்டும், அதுதான் காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்தும் என்று, கேட்காமலே அதிகாரிக்கு விளக்கம் சொன்னாய். அவர் இறங்கி வந்து மற்ற பிளேட்டின் விளிம்பைப் பெருவிரலால் தடவினார்.

"இது அவ்வளவு கூரில்லையே?"

"பட்டர் பூசுற கத்தி அளவு போதும் மாத்தயா. அதுக்கு மேல தீட்டினா முதல் கல்லுலயே பல்லு விழும். இவர் சரியான அளவுக்குத்தான் தீட்டுவார்."

மூன்று மாதமாக என் பெயரையே சொல்லாதவன், என் வேலையைப் பற்றி அங்கே நல்ல வார்த்தை சொன்னாய்.

இரண்டு பிளேட்டும் பொருந்தின. அதிகாரி நிமிர்ந்தார். அவர் கண் உன் இடது கையுறையில் போய் நின்றது.

"கைக்கு என்ன நடந்தது?"

நீ கையுறையைக் கழற்றிக் காட்டினாய். காயம் ஆறி, தோல் இன்னும் ரோஸ் நிறமாகவே இருந்தது.

"இந்த பிளேட்டாலதான்."

"எப்படி?"

நான் ஆறடி தூரத்தில் நின்றேன். கான்ஸ்டபிள் ஒருவன் என் தோளைப் பிடித்திருந்தான். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தாய். இவன்தான் திருப்பினான் என்று நீ சொல்லியிருந்தால் அது உண்மை. ஆள் கையை வெட்டியவன் என்று அன்றைக்கு அங்கே என் கதை முடிந்திருக்கும். நான் கண்ணை மூடவில்லை. மூடவும் தைரியமில்லை.

"வயரைக் கழற்றாமல் கையை வைத்தேன் மாத்தயா" என்றாய்.

அதிகாரி உன் கையையும், நூலால் கட்டப்பட்டிருந்த வயரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் குரலே மாறிவிட்டது. ஓட்டிக் காட்டச் சொன்னார். நீ வயரைத் திரும்ப மாட்டி, பலகைகளை எடுத்து, எல்லோரையும் தூரப் போகச் சொன்னாய். பிறகு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாய்.

"ஏறு."

ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். திருப்ப முடியவில்லை. நீ மெசினின் அந்தப் பக்கத்தில் நின்றாய்.

"கை வெளியிலயா?" என்று கேட்டேன்.

நீ இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாய். "வெளியில."

பொலிஸ் நிலையத்தின் முன்னால் புதராகக் கிடந்த புல்லில் ஒரு நீளப் பட்டை வெட்டினேன். மத்தியானத்துக்குள் வாக்குமூலம் எழுதிக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள். அடுத்த தடவை கடிதம் கொண்டு வா என்றார் அதிகாரி.

லொறியின் பின்னால் மெசினோடு இருவரும் இருந்தோம். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது நான்தான் சொன்னேன்.

"நான் சேரிட்டப் போய் உண்மையைச் சொல்லப்போறன்."

"உண்மையச் செல்லு" என்றாய். "எனக்காக வேணாம். அந்த சுவிட்சுக்காகச் செல்லு. வெரலுக்காக நான் ஒன்னோட கோவிச்சிட்டு ஈக்கல்ல. யாருக்கும் கை தவறும். நீ சரியாக்கின எண்டு செல்லிட்டு அத அப்படியே போட்டு வெச்சிருந்த பாரு, அதத்தான் என்னால தாங்க ஏலாமப் போச்சி. நாளைக்கு வேற ஒருத்தன்ட கை போயிருந்தா?"

நான் அழுதேன். நீ கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெசினைக் கேட்காமல் எடுத்துப் போனதற்கு உன்னை ஏச ஆயத்தமாக இருந்தவர், என் கதையைக் கேட்டு ஏசுவதை விட்டுவிட்டார். "இப்ப என்னத்துக்கு இதெல்லாம்?" என்றுதான் கடைசியில் கேட்டார். என்னை ஒரு வருடம் உருளை இழுக்க விட்டார். மெசின் உன் கைக்கு வந்தது. அந்தக் கிழமையே மெக்கானிக் வந்து சுவிட்சைச் சரிசெய்தான். நீ ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணி, சட்டென்று எழும்பினாய். என்ஜின் நின்றது. மறுபடியும் இருந்தாய், மறுபடியும் எழும்பினாய். பிள்ளையைப் போலச் சிரித்தாய். ஆனால் அந்தத் தடித்த புத்தகத்தில் எழுதியதை ஒருவரும் வெட்டவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். பெருநாளுக்குப் பெருநாள் வெள்ளவத்தையில் உன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். உன் மனைவி எனக்கென்று ஒரு கிண்ணம் வட்டிலப்பம் இனிப்பு எடுத்து வைப்பார். மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது பிளக்கைக் கழற்றாமல் யாரும் கையை வைக்க நீ விடமாட்டாய். அப்போதெல்லாம் உன் மகள் கேலி செய்வாள். "ரெண்டு வெரல விட்டவர் புத்தி செல்ல வந்துட்டார்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நான் குனிந்து சாப்பிடுவேன். முதல் தடவை அப்படி நடந்தபோது நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய்.

வெளியே வந்ததும் கேட்டேன். "பிள்ளைகளிட்டயும் அப்பிடியா சொல்லி வச்சிருக்கிறாய்?"

"ஒனக்கு இந்த வீட்டுல சோறு வேணுமா வேணாமா?" என்றாய்.

எனக்கு வேண்டியிருந்தது. அதனால் விட்டுவிட்டேன். நீ நோயில் விழுந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த வருடம் முழுதும் விட்டுவிட்டேன். உன்னை அடக்கிய அன்று, எல்லோரோடும் நின்று ஒரு பிடி மண்ணைப் போட்டபோதும் விட்டுவிட்டேன். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை அந்த மதிலடியில் என் வாய் தானாகச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் உண்மையைச் சொன்னது அந்தப் பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் நீ இன்னும் கவனக்குறைவான மனிதன். என் வாய்க்கும்கூட.

நேற்றுப் புதன்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் மட்டும்தான் இருந்தாள். என்னைக் கண்டு சந்தோஷப்பட்டு, தேத்தண்ணி போடப் போனாள். இரு பிள்ளை, முதலில் ஒன்றைக் கேள் என்று உட்காரவைத்துச் சொன்னேன். முறுக்கிய வயரிலிருந்து பொலிஸ் நிலையம் வரை, ஒன்றும் விடாமல். அவள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

"நான்தான் அங்கிள், கூடுதலாப் பகிடி பண்ணின" என்றாள் பிறகு. "எங்கட வீட்டுல வாப்பாவ ஆகலும் பகிடி பண்ணின நான்தான். கடைசியா ஆஸ்பத்திரியில வெச்சும் செல்லிச் சிரிச்ச."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வாப்பா உசிரோட ஈக்கக்குள்ள ஏன் செல்லல்ல?"

"பயம், பிள்ளை."

"என்ன பயம்?"

"இந்த வீட்டுக்கு வர ஏலாமப் போயிரும் எண்டு."

அவள் எழுந்து ஜன்னலடியில் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. நான் எழும்பிப் போகவா, இருக்கவா என்று தெரியாமல் இருந்தேன்.

"வாப்பாவுக்கு நல்லா நொந்திச்சா?"

"ஓம். நல்லா."

அதன் பிறகு தேத்தண்ணியைப் பற்றி அவள் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் வந்து நின்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"எனக்கு மட்டும் செல்லிட்டுப் போக ஏலாது அங்கிள். வெள்ளிக்கிழமை தம்பிமார் ரெண்டு பேரும் வாரானுகள். பேரப்பிள்ளைகளும் ஈக்கும். எல்லாருக்கும் நீங்கதான் வந்து செல்லோணும். நான் செல்லமாட்டன்."

"வாறன்" என்றேன்.

உன்னிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது பொலிஸ் முற்றத்தில் நீ சொன்ன அந்த ஒரு வசனம்தான். என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய். அதை இத்தனை வருடம் நான் வைத்து அனுபவித்தேன். அது உன்னுடையது, என்னுடையது அல்ல. இனியும் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை.

நாளைக்கு வெள்ளி. ஜும்மா முடிந்து உன் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்கு நான் அங்கே இருப்பேன். எப்படித் தொடங்குவது என்று இன்று முழுதும் யோசித்தேன். 'உங்கட வாப்பாவில ஒரு பிழையும் இல்லை, பிள்ளைகள்' என்று தொடங்கப்போகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். எழும்பிப் போகச் சொன்னால், முழுதையும் சொல்லி முடித்துவிட்டு எழும்புவேன்.